மேலே காய்ந்தது, அடியில் ஈரம்: பிள்ளைகள் விரலில் ஜெல் பாலிஷ்

என் மகளுக்கு 11 வயது. பிறந்தநாள் பரிசாக ஜெல் நெயில் பாலிஷ் கிட் ஒன்று வந்திருக்கிறது. ஆறு சின்ன பாட்டில்கள், கம்ப்யூட்டர் மவுஸ் அளவில் ஒரு விளக்கு, ஒரு அரம். சாதாரண நெயில் பாலிஷை ஐந்து வயதிலிருந்தே போட்டுக்கொள்கிறாள், ஒன்றும் ஆனதில்லை. இதையும் போடவிடலாமா?
*வாசகி, திருச்சி*

வேண்டாம். பதினாறு வயதுவரை வீட்டில் ஜெல் கிட் கூடாது என்பது எங்கள் கருத்து. அதற்குப் பிறகும் யோசித்துத்தான்.

பார்வைக்கு ஒன்றுபோல இருந்தாலும் இரண்டும் காயும் விதம் வேறு. சாதாரண பாலிஷில் இருப்பது ஏற்கெனவே உருவான பிசின். அதைக் கரைத்து வைத்திருக்கும் திரவம் ஆவியாகிப் போனதும் பிசின் நகத்தில் படிந்துவிடும். ஜெல் ஆவியாகிக் காய்வதில்லை. அக்ரிலேட், மெத்தாக்ரிலேட் வகைச் சிறு மூலக்கூறுகள், விளக்கின் புற ஊதா வெளிச்சம் பட்டதும் சங்கிலியாகக் கோத்துக்கொண்டு பிளாஸ்டிக் ஆகின்றன. கோத்தவற்றால் பெரிய தொல்லை இல்லை. கோக்காமல் மிஞ்சியவை தோலுக்குள் புகும் அளவுக்குச் சிறியவை, அவைதான் வம்பு. இவற்றில் அதிகம் பேரைப் படுத்துவது ஹெமா எனச் சுருக்கமாகச் சொல்லப்படும் ஹைட்ராக்சிஎத்தில் மெத்தாக்ரிலேட்.

ஈர ஜெல் தோலில் திரும்பத் திரும்பப் பட்டால் உடல் அதை எதிரியாகக் குறித்துவைத்துக்கொள்ளும். முதல் சில தடவை ஒன்றும் தெரியாது. "போன மாதம் போட்டோம், ஒன்றும் ஆகவில்லையே" என்பது எந்த உத்தரவாதமும் ஆகாது. ஒவ்வாமை வந்தபின், ஜெல் பட்ட ஓரிரு நாளில் நகத்தைச் சுற்றிச் சிவந்து அரிக்கும். சிறு கொப்புளம், விரல்நுனி வெடிப்பு, நகம் சதையை விட்டுக் கிளம்புதல் என்று போகும். சிலருக்கு விரலில் லேசாகவும் இமை, கன்னம், கழுத்தில் அதிகமாகவும் தெரியும், அந்த விரல்தானே அங்கெல்லாம் தொடுகிறது. இமை வீக்கத்துக்குக் கண் மருத்துவரிடம் அலைந்துவிட்டு, கடைசியில் காரணம் நகப் பூச்சு என்று தெரிவதும் உண்டு.

இந்த ஒவ்வாமை பொதுவாக ஆயுள் முழுக்க நீடிக்கும். பல்லில் ஓட்டை அடைக்கும் பசை, மூட்டு மாற்று அறுவையில் பயன்படும் எலும்புச் சிமெண்ட், சர்க்கரை நோயாளிகள் தோலில் ஒட்டிக்கொள்ளும் சென்சார், எல்லாவற்றிலும் இந்தக் குடும்பத்து ரசாயனங்கள் வரலாம். பதினொரு வயதில் இதைச் சம்பாதித்துக்கொண்டால் அறுபது வயதில் முழங்கால் மருத்துவரிடமும் சொல்ல வேண்டியிருக்கும்.

பெரியவர்களைவிடப் பிள்ளைகளுக்கு ஆபத்து கூடுவது கைப்பழக்கத்தால். இடது கையில் பிடித்த பிரஷ்ஷால் வலது கை நகத்துக்குப் பூசும்போது நகக்கண்ணில் வழியாமல் இருக்காது. ஒரு கோட் போதுமென்று தடிமனாகப் பூசுவார்கள். சின்ன விளக்கில் நான்கு விரல்தான் நேராக நுழையும், கட்டைவிரல் சாய்ந்து கிடக்க, அதன் ஒரு பக்கத்துக்கு வெளிச்சமே போகாது. கறுப்பு, கருநீலம் போன்ற அடர்நிறங்கள் வெளிச்சத்தைத் தாங்களே விழுங்கிக்கொள்வதால் அடிப்பகுதி இறுகாது. விளக்கின் அலைநீளமும் ஜெல்லுக்குப் பொருந்த வேண்டும். தொட்டால் மேலே கல்லாக இருக்கும், அடியில் பச்சையாக இருக்கும். அந்த விரலை வாயில் வைக்கும் பழக்கமும் பிள்ளைகளிடம் அதிகம்.

ஐரோப்பிய ஒன்றியம் 2020இல் கொண்டுவந்த விதிப்படி ஹெமா உள்ள நகப் பூச்சைத் தொழில்முறையாளர்கள்தான் பயன்படுத்தலாம், ஒவ்வாமை எச்சரிக்கையையும் அதில் அச்சிட வேண்டும். பிரிட்டனின் சரும மருத்துவர் சங்கம் 2018லேயே வீட்டு கிட்டுகளைக் குறிப்பிட்டு எச்சரித்தது. நம் ஊரில் இணையத்தில் 400 ரூபாய்க்கு வரும் கிட்டின் பாட்டில்களில் பலநேரம் மூலப்பொருள் பட்டியலே இருப்பதில்லை.

பெரியவள் கல்லூரியில் படிக்கிறாள், 19 வயது. அவளாவது அந்தக் கிட்டைப் பயன்படுத்தலாமா? பெட்டியில் 'ஹெமா இல்லாதது' என்று போட்டிருக்கிறது.
*அதே வாசகி*

ஹெமா இல்லையென்றால் அதன் ஒன்றுவிட்ட சகோதரன் இருக்கும். ஹைட்ராக்சிபுரொப்பில் மெத்தாக்ரிலேட் என்று இன்னொன்று உண்டு. ஒன்றுக்கு ஒவ்வாமை வந்தவருக்கு மற்றதும் ஒத்துக்கொள்ளாமல் போவது சகஜம். 'ஆர்கானிக்', 'நச்சு இல்லாதது' என்ற ஒட்டுவில்லைகளுக்கு இந்த விஷயத்தில் அர்த்தம் எதுவும் இல்லை.

அவர் செய்வதானால் முதலில் லேபிளைப் பார்க்கட்டும். மூலப்பொருள் பட்டியல், பேட்ச் எண், காலாவதித் தேதி, இறக்குமதிப் பொருளானால் இறக்குமதியாளர் முகவரியும் பதிவெண்ணும் இருக்க வேண்டும். இல்லாததைத் திருப்பி அனுப்புங்கள். இன்னொரு பெயரையும் தேடுங்கள்: டிபிஓ (TPO, பட்டியலில் Trimethylbenzoyl Diphenylphosphine Oxide என்று இருக்கும்). வெளிச்சத்தில் ஜெல்லை இறுகவைக்கச் சேர்க்கும் பொருள். இனப்பெருக்க நலனைப் பாதிக்கலாம் என்ற வகைப்பாட்டின்பேரில் 2025 செப்டம்பர் 1 முதல் ஐரோப்பிய ஒன்றியம் இதை அழகுப் பொருள்களில் தடைசெய்திருக்கிறது. அங்கே தடைபட்ட பழைய சரக்கு எந்தச் சந்தைக்குப் போகும் என்று ஊகிக்கப் பெரிய அறிவு தேவையில்லை.

ஜெல்லும் விளக்கும் ஒரே நிறுவனத்துடையதாக இருக்கட்டும். ஓரத்துத் தோலிலிருந்து ஒரு மில்லிமீட்டர் இடைவெளி விட்டு, அடியில் நகம் தெரியும் அளவுக்கு மெல்லிசாக இரண்டு கோட் பூசி, ஒவ்வொன்றையும் பாட்டிலில் போட்ட நேரம் முழுக்க விளக்கில் காட்ட வேண்டும். கட்டைவிரல்களைத் தனியாகக் காட்டுங்கள். தோலில் ஜெல் வழிந்தால் விளக்கில் வைப்பதற்கு முன்பே டிஷ்யூவால் ஒற்றியெடுத்து, சோப்பும் தண்ணீரும் கொண்டு கழுவிவிட வேண்டும்.

முடிந்ததும் மேலே பிசுபிசுப்பு இருக்கும். காற்றிலுள்ள ஆக்சிஜன் மேற்பரப்பை இறுகவிடாது, அதனால் அதுவும் பச்சை ஜெல்தான். ஐசோபுரொப்பைல் ஆல்கஹால் நனைத்த பஞ்சால் ஒரே பக்கமாகத் துடைத்து, விரலுக்கு ஒரு பஞ்சு என்று மாற்றுங்கள். துடைத்த டிஷ்யூவை விளக்கடியிலோ வெயிலிலோ காட்டி இறுகவைத்தபின் குப்பையில் போடுங்கள், குப்பை அள்ளுகிறவர் கையும் கைதானே. ரப்பர் கையுறையை நம்ப வேண்டாம். இந்த ரசாயனங்கள் அதைச் சில நிமிடங்களில் ஊடுருவிவிடும்.

அந்த விளக்கால் தோல் புற்றுநோய் வருமாமே?
*வாசகர், சேலம்*

கலிபோர்னியா பல்கலைக்கழகத்தின் சான் டியேகோ வளாகத்தினர் 2023இல் வெளியிட்ட ஆய்வில், இந்த விளக்கொளியில் 20 நிமிடம் வைத்த செல்களில் 20 முதல் 30 சதவீதம் இறந்தன. மிஞ்சியவற்றில் மரபணுச் சேதமும் தெரிந்தது. ஆனால் அது கண்ணாடித் தட்டில் வளர்த்த செல். வீட்டில் ஒரு கோட்டுக்கு ஒரு நிமிடம்தான், நடுவில் தோலும் இருக்கிறது. புற்றுநோய் வரும் என்று அதை வைத்துச் சொல்ல முடியாது. எஸ்பிஎஃப் 30 சன்ஸ்கிரீனை 20 நிமிடம் முன்பே புறங்கையில் தடவிக்கொள்வது, அல்லது நுனி வெட்டிய கையுறை போட்டுக்கொள்வது போதும். ஒவ்வாமையோடு ஒப்பிட்டால் இது எங்களுக்கு இரண்டாவது கவலைதான்.

விளக்குக்குள் கை வைத்ததும் "சுடுது" என்று பையன் கையை உதறுகிறான். விளக்குக் கோளாறா?
*வாசகி, மதுரை*

விளக்கு சரியாகத்தான் வேலை செய்கிறது. மூலக்கூறுகள் கோத்துக்கொள்ளும்போது வெப்பம் வெளிப்படும். ஜெல் தடித்திருந்தால் வெப்பமும் அதிகம். அரத்தால் தேய்த்து மெலிந்த நகத்திலும் பிள்ளைகளின் மெல்லிய நகத்திலும் அது நேரே அடிச்சதையில் உறைக்கும். உதறினால் கையை வெளியே எடுக்கவிடுங்கள். "பொறுத்துக்கோ, அழகா வரும்" என்று பிடித்துவைத்தால் நகத்தடியில் தீக்காயமே வரலாம். பையனின் வயதை நீங்கள் எழுதவில்லை. சின்னவன் என்றால் முதல் பதிலையே படிக்கவும்.

தெரியாமல் போட்டுவிட்டோம். 9 வயது மகள் ஒரு பக்கத்தைப் பிய்த்துவிட்டாள், நகம் வெள்ளையாகச் செதில் செதிலாக இருக்கிறது. மீதியை எப்படி எடுப்பது?
*வாசகி, கோயம்புத்தூர்*

பிய்க்கும்போது ஜெல்லோடு நகத்தின் மேலடுக்கும் வந்துவிடுகிறது. அந்த வெள்ளை அதுதான். மருந்து தேவையில்லை. கைநகம் மாதத்துக்குச் சுமார் 3 மில்லிமீட்டர் வளரும், ஆறு மாதத்தில் முழு நகமும் புதிதாகிவிடும். அதுவரை இரவில் தேங்காய் எண்ணெய் தடவி, குட்டையாக வெட்டிவிடுங்கள்.

மீதி உறுதியாக ஒட்டியிருந்தால் எடுக்காமல் விடுவது ஒரு வழி. வளர வளர வெட்டிக்கொண்டே வாருங்கள், ஓரம் கிளம்பினால் கிளம்பிய அளவுக்கு நகவெட்டியால் நறுக்குங்கள். பிய்ப்பதை நிறுத்த மாட்டாள் என்றால் அசிட்டோனால் எடுத்துவிடலாம், ஆனால் செய்வது நீங்கள்.

'அசிட்டோன் இல்லாதது' என்று எழுதிய ரிமூவரால் ஜெல் சுலபத்தில் அசையாது. மேலே உள்ள டாப் கோட்டின் பளபளப்பு மங்கும்வரை மெல்லிய அரத்தால் தேயுங்கள், நகம்வரை போக வேண்டாம். சுற்றியுள்ள தோலில் வாசலின் தடவுங்கள். நகத்தின் அளவுக்கே பஞ்சு கிள்ளி, அசிட்டோனில் நனைத்து, நகத்தின் மேல் வைத்து அலுமினியத் தாளால் சுற்றுங்கள். 10 முதல் 15 நிமிடம். எடுத்துப் பார்த்தால் ஜெல் சுருங்கிக் கிளம்பியிருக்கும், மரக்குச்சியால் தள்ளினால் வந்துவிடும். வராத இடத்தைச் சுரண்டாமல் மறுபடி ஐந்து நிமிடம் சுற்றுங்கள். பிள்ளைகளுக்கு ஒரு நேரத்தில் ஒரு கை போதும். முடிந்ததும் கழுவி எண்ணெய் தடவுங்கள்.

ஜன்னல் திறந்திருக்கட்டும். அடுப்பு, ஊதுபத்தி, சாமி விளக்கு எதுவும் அந்த அறையில் எரியக் கூடாது. அசிட்டோன் ஆவி சட்டென்று பற்றும், சீக்கிரம் ஆகட்டும் என்று அதைச் சுடவைக்கவும் கூடாது.

தோல் சிவந்தோ வெடித்தோ கொப்புளித்தோ இருந்தால் அசிட்டோன் படவே கூடாது. சரும மருத்துவரிடம் போங்கள், கிட்டின் பெட்டியையும் கொண்டுபோங்கள். எந்த ரசாயனம் என்று, சந்தேகப் பொருள்களைத் தோலில் ஒட்டிப் பார்க்கும் பேட்ச் டெஸ்டில் தெரிந்துகொள்ளலாம். பிறகு பல் மருத்துவரிடம் அதைச் சொல்லவும் உதவும்.

ஜெல்லுக்குப் பதில் ஒட்டு நகம் வைத்தால்? பள்ளி ஆண்டுவிழா நடனத்துக்குக் கேட்கிறாள்.
*வாசகி, தஞ்சாவூர்*

ஒரு மாலைக்கு வைக்கலாம், ஆனால் பசை பாட்டில் வேண்டாம். இரண்டு பக்கமும் ஒட்டும் வில்லைகள் வருகின்றன, அதை வாங்குங்கள். பாட்டிலில் வருவது சயனோஅக்ரிலேட், ஃபெவிக்விக் இனம். அது பருத்தித் துணியில் கொட்டினால் நொடியில் கொதித்து, துணிக்கு அடியில் தோலைச் சுட்டுவிடும். கொட்டிவிட்டால் ஓடும் தண்ணீரில் 20 நிமிடம் காட்டி, ஒட்டிய துணியைப் பிடுங்காமல் மருத்துவமனைக்குப் போங்கள். பாட்டில் கண் சொட்டு மருந்து போலவே இருப்பது இன்னொரு வம்பு. தாத்தா பாட்டி இருக்கும் வீட்டில் மருந்து அலமாரிப் பக்கமே அது போகக் கூடாது.

அப்படியானால் மருதாணிதான் கதியா? கோன் போதுமா?
*வாசகி, நாகர்கோவில்*

அரைத்த இலை என்றால் தாராளமாக. மூன்று நான்கு மணி நேரம் வைத்தால் முதலில் ஆரஞ்சாகப் பிடித்து, ஓரிரு நாளில் கருஞ்சிவப்பாகும். நகத்தில் பிடித்தது நகம் வளர்ந்து வெட்டுப்படும்வரை போகாது. கைக்குழந்தைகளுக்கு மட்டும் வேண்டாம். ரத்தச் சிவப்பணுக்களைக் காக்கும் ஜி6பிடி என்ற நொதி பிறவியிலேயே குறைவாக இருந்தால் இலையில் உள்ள சாயம் தோல்வழி ஏறி ரத்தச் சிவப்பணுக்களை உடைக்கக்கூடும், அந்தக் குறை இருப்பது பல வீடுகளில் தெரிந்தே இருக்காது.

கோனை நிறம் பார்த்து வாங்குங்கள். மருதாணி ஒருநாளும் கறுக்காது. 'பத்து நிமிடத்தில் கறுப்பு' என்று வரும் கோனில் தலைமுடிச் சாயத்தில் சேர்க்கும் பிபிடி (PPD) என்ற ரசாயனம் கலந்திருக்கலாம். அதன் ஒவ்வாமையும் போகாது, பின்னாளில் தலைக்குச் சாயம் பூசும்போது முகம் வீங்க வைக்கும். கோனைக் கொஞ்சம் வெள்ளைத் தாளில் பிழிந்து பாருங்கள். கறுப்பாக வந்தாலோ பெட்ரோல் வாடை அடித்தாலோ பையில் போட வேண்டாம்.