மூன்றாம் இலக்கத்துக்கு ஏன் முதலிடம்? – வாசகர் கேள்வி பதில்

கேள்வி: டி.என்.ஏ. இரட்டித்தலில் பொலிமரேஸ் 3 பிரதான நொதியம் என்றும் பொலிமரேஸ் 1 துணை நொதியம் என்றும் எங்கள் உயிரியல் குறிப்பில் உள்ளது. ஒன்றாம் இலக்கம் இருக்க மூன்றாவதற்கு ஏன் முதலிடம்? இரண்டாவதற்கு வேலையே இல்லையா?
– உயர்தர மாணவி, களுவாஞ்சிகுடி

பதில்: இந்த இலக்கங்கள் கண்டறியப்பட்ட ஒழுங்கைக் குறிக்கின்றன, தகுதியை அல்ல. 1956இல் ஆதர் கோன்பேக் ஈ. கோலை பற்றீரியாவிலிருந்து முதலாவது பொலிமரேஸை, அதாவது டி.என்.ஏ. இழையைக் கட்டும் நொதியத்தை, கண்டறிந்தார். 1959இல் நோபல் பரிசும் பெற்றார். டி.என்.ஏ.யைப் பிரதி செய்யும் நொதியம் அகப்பட்டுவிட்டது என்று பலரும் நம்பியிருந்த வேளையில், 1969இல் ஜோன் கெயான்ஸும் போலா டி லூசியாவும் அந்த நொதியத்தின் பிரதிசெய்யும் ஆற்றல் ஏறக்குறைய முற்றாக இழக்கப்பட்ட ஒரு விகாரியை (பரம்பரை அலகில் மாற்றம் ஏற்பட்ட பற்றீரியாவை) தேடிப் பிடித்தனர். அது வழமைபோல வளர்ந்து பெருகியது; புறஊதாக் கதிர் பட்டால் மட்டும் எளிதில் இறந்தது. எனவே இரட்டித்தலை நடத்துவது வேறொன்று என்பதும், ஒன்றாவதற்குப் பழுதுபார்ப்பில் பங்குண்டு என்பதும் தெளிவாயின. அந்த வேறொன்றைத் தேடியவர்களுள் கோன்பேக்கின் மகன் தோமஸும் ஒருவர். செலோ வாத்தியம் பயின்ற அவர், மல்கம் கெஃப்டருடன் சேர்ந்து இரண்டாவதையும் மூன்றாவதையும் பிரித்தெடுத்தார். வெப்பநிலை உயர்ந்ததும் இரட்டித்தல் நின்றுபோகும் சில விகாரிகளில் பழுதாகியிருந்தது மூன்றாவதே எனக் காணப்பட்டபோது ஐயம் நீங்கியது.

மூன்றாவதன் சிறப்பு அதன் பிடியில் இருக்கின்றது. டி.என்.ஏ.யைச் சுற்றி வளையம்போல் அமையும் ஒரு புரதத்துடன் இணைந்திருப்பதால், அது வழுகி விழாமல் விநாடிக்கு ஏறக்குறைய 1,000 நியூக்கிளியோதைட்டுகளை (டி.என்.ஏ. இழையின் அலகுகளை) இணைத்துச் செல்கின்றது. ஒன்றாவதோ சில பத்துகளை இணைத்தவுடன் விலகிவிடும்.

ஆயினும் "துணை" என்ற சொல்லை நான் ஏற்கமாட்டேன். எந்தப் பொலிமரேஸாலும் புதிய இழையொன்றை வெறுமையிலிருந்து தொடங்க முடியாது. ஏற்கெனவே உள்ள ஓர் இழையின் இரு முனைகளில் ஒன்றான 3′ முனையில் சேர்க்க மட்டுமே முடியும். அதனால் பிரைமேஸ் என்னும் நொதியம் முதலில் ஆர்.என்.ஏ.யினாலான சிறிய தொடக்கத் துண்டொன்றை (பிரைமரை) இடுகின்றது. தாய் இழைகள் இரண்டும் எதிரெதிர்த் திசைகளில் அமைந்திருப்பதால், புதிய இழைகளில் ஒன்று தொடர்ச்சியாக வளர, மற்றது 1,000 முதல் 2,000 நியூக்கிளியோதைட்டு நீளமான துண்டுகளாகவே உருவாகின்றது. இத்துண்டுகள், 1968இல் இவற்றை விவரித்த ஜப்பானியத் தம்பதியர் ரெய்ஜி, சுனேகோ ஒகசாக்கி ஆகியோரின் பெயரால் வழங்குகின்றன. ஒவ்வொரு துண்டின் தொடக்கத்திலும் உள்ள ஆர்.என்.ஏ.யை அகற்றி, அந்த இடத்தை டி.என்.ஏ.யால் நிரப்புவது பொலிமரேஸ் 1 ஆகும். எஞ்சும் வெட்டை லிகேஸ் என்னும் நொதியம் ஒட்டுகின்றது. கெயான்ஸின் விகாரி பிழைத்ததற்கும் காரணம் உண்டு: அதில் பிரதிசெய்யும் ஆற்றல் போயிருந்தாலும் பிரைமரை அகற்றும் ஆற்றல் எஞ்சியிருந்தது.

இரண்டாவது, சேதமடைந்த டி.என்.ஏ.யைச் சீராக்கும் வேளைகளில் உதவுகின்றது.

கேள்வி: இரட்டைப் புரி நூலை ஒரு முனையிலிருந்து பிரித்தால், முன்னால் முறுக்கு ஏறிச் சிக்காகிவிடும். டி.என்.ஏ.யும் அப்படி முறுக்கியதுதானே. பற்றீரியா எப்படிச் சமாளிக்கின்றது?
– நெசவுத் தொழிலாளி, மருதமுனை

பதில்: தறியோடு பழகியவரிடமிருந்தே இந்தக் கேள்வி வர முடியும். புரிகளைப் பிரிக்கும் நொதியம் ஹெலிக்கேஸ். ஏறத்தாழ பத்தரை மூலச் சோடிகளுக்கு (இரு புரிகளையும் இணைக்கும் படிகளுக்கு) ஒரு சுற்று என்பதால், மேலே சொன்ன வேகத்தில் விநாடிக்கு நூறு சுற்றுகள் அளவில் பிரிக்கப்பட வேண்டும். பற்றீரியாவின் டி.என்.ஏ. வளையமாக இருப்பதால், ஏறும் முறுக்கு வெளியேறத் தளர்ந்த முனையும் இல்லை. நீங்கள் நூலை அறுத்து, சிக்கெடுத்து, மீண்டும் முடிவதைப் போன்ற வேலையை 1976இல் மார்ட்டின் கெல்லர்ட் குழுவினர் கண்டறிந்த கைரேஸ் செய்கின்றது: இரு இழைகளையும் வெட்டி, அவ்வெட்டின் ஊடாக டி.என்.ஏ.யின் இன்னொரு பகுதியைக் கடத்தி, முடிச்சே தெரியாமல் மீண்டும் ஒட்டுகின்றது. ஒரு தடவைக்கு இரண்டு முறுக்குகள் குறையும், அதற்குக் கலத்தின் சக்தி மூலக்கூறான ஏ.ரி.பி. செலவாகும்.

சிறுநீர்த் தொற்றுக்கு வைத்தியர்கள் எழுதிக்கொடுக்கும் சிப்ரோஃபுளொக்சசின் என்னும் மருந்து தாக்குவதும் இந்த இடத்தைத்தான். வெட்டிய நிலையிலேயே கைரேஸை அது பிடித்துவைப்பதால் டி.என்.ஏ. உடைந்து பற்றீரியா இறக்கின்றது. எமது கலங்களிலுள்ள இதையொத்த நொதியத்தின் அமைப்பு வேறானது. ஆகவே மருந்தாக உட்கொள்ளும் அளவில் அது பெரிதும் பாதிக்கப்படுவதில்லை. கைரேஸின் அமைப்பை விகாரத்தால் சிறிது மாற்றிக்கொண்ட பற்றீரியாக்களும் இம்மருந்துக்குத் தப்பிவிடுகின்றன.

கேள்வி: ஈ. கோலை 20 நிமிடங்களில் இரண்டாகின்றது, அதன் டி.என்.ஏ. இரட்டிக்க 40 நிமிடங்கள் தேவை. இரண்டும் எவ்வாறு பொருந்தும்?
– ஆசிரியர், அக்கரைப்பற்று

பதில்: இரண்டும் சரியே. 46 இலட்சம் மூலச் சோடிகளை, ஓரிடத்தில் தொடங்கி இரு திசைகளிலும் விநாடிக்கு 1,000 வீதம் பிரதி செய்தால் ஏறக்குறைய 38 நிமிடங்கள் ஆகும். ஆனால் நல்ல உணவும் 37 பாகை வெப்பமும் இருக்கும்போது, ஒரு சுற்று முடியுமுன்னரே தொடக்க இடத்தில் அடுத்த சுற்று ஆரம்பமாகிவிடுகின்றது. மகளுக்குச் சீதன வீடு கட்டி முடியுமுன்னரே பேத்தியின் வீட்டுக்கும் அத்திவாரம் போடும் எங்கள் பக்கத்துப் பெற்றோரைப் போல, தாய்க்கலம் பேத்திக்கலங்களுக்கான பிரதியையும் தொடங்கிவைக்கின்றது; மகட்கலம் பிறக்கும்போதே பாதி வேலை முடிந்த டி.என்.ஏ.யுடன் பிறக்கின்றது. உணவு குறைந்து பிரிவு மெதுவாகும்போது இந்த முன்னேற்பாடு இராது. ஒரு சுற்று முடிந்த பின்னரே மற்றது தொடங்கும்.