பயாப்ஸி முடிந்த பிறகும் ஐஹெச்சி எதற்கு?

கேள்வி: அப்பாவின் கல்லீரல் கட்டியில் பயாப்ஸி எடுத்து, ‘வேறிடத்திலிருந்து பரவிய அடினோகார்சினோமா’ (சுரப்பி செல்களில் தோன்றும் புற்று) என்று சொல்லிவிட்டார்கள். இப்போது ஐஹெச்சியும் (இம்யூனோஹிஸ்டோகெமிஸ்ட்ரி, சதையில் எந்தப் புரதம் இருக்கிறது என்று சாயமேற்றிப் பார்க்கும் பரிசோதனை) வேண்டுமாம். மறுபடி ஊசி குத்துவார்களா?

பதில்: பெரும்பாலும் தேவைப்படாது. எடுத்த சதை பாரஃபின் பிளாக்காக, அதாவது மெழுகில் பதித்த கட்டியாக, லேபில் இருக்கும். அதிலிருந்தே 3 அல்லது 4 மைக்ரான் கனத்தில் சீவிக்கொள்வார்கள். புற்றுநோய் என்பது உறுதி, ஆனால் புறப்பட்ட இடம் தெரியவில்லை. குடலோ நுரையீரலோ, மைக்ராஸ்கோப்பில் அடினோகார்சினோமா ஏறக்குறைய ஒன்றுபோலவே தெரியும். மருந்தோ இடத்துக்கு இடம் மாறும். அதனால் ஒவ்வொரு சீவலிலும் ஒரு புரதத்தைத் தேடும் ஆன்டிபாடியை விடுகிறார்கள். புரதம் இருந்தால் அந்த இடம் பழுப்பாகும். செல்களின் உட்கரு நீலமாகத் தெரியும்.

இப்படித் தேடும் புரதங்களை மார்க்கர் என்பார்கள். அவற்றில் சிகே20, சிடிஎக்ஸ்2 இரண்டும் பழுப்பாகி சிகே7 ஆகாவிட்டால் சந்தேகம் பெருங்குடல் மேல். சிகே7, டிடிஎஃப்-1 இரண்டும் பழுப்பானால் நுரையீரல். ஆனால் தைராய்டு புற்றிலும் டிடிஎஃப்-1 வரும். தேவைப்பட்டால் தைராய்டுக்கே உரிய புரதமான தைரோகுளோபுலினுக்கும் போட்டுப் பார்ப்பார்கள். ஒரே மார்க்கரை வைத்து முடிவு சொல்லும் ரிப்போர்ட்டை நம்பாதீர்கள்.

கேள்வி: அம்மாவின் மார்பகக் கட்டி ரிப்போர்ட்டில் ஹெர்2 (செல் சவ்வில் இருக்கும் ஒரு புரதம்) ‘2+’ என்றிருக்கிறது. பாசிட்டிவா?

பதில்: இப்போதைக்கு பாசிட்டிவும் இல்லை, நெகட்டிவும் இல்லை. 10 சதவீதத்துக்கு மேற்பட்ட புற்றுசெல்களில் சவ்வு முழுக்கச் சுற்றி அழுத்தமாகப் பழுப்பானால்தான் 3+, அதாவது பாசிட்டிவ். 2+ வந்தால் ஃபிஷ் பரிசோதனையில் ஹெர்2 ஜீனின் நகல்களை எண்ணிப் பார்த்த பிறகே ஹெர்2-வைக் குறிவைக்கும் டிராஸ்டுசுமாப் மருந்தைப் பற்றிப் பேச வேண்டும்.

கேள்வி: இரண்டு லேபில் இரண்டு முடிவு. எது சரி?

பதில்: குறை பல சமயம் லேபுக்கு வருமுன்பே நடந்திருக்கும். மார்பகக் கட்டியை வெட்டி எடுத்த 1 மணி நேரத்துக்குள் சதை கெடாமல் காக்கும் 10 சதவீத பஃபர் ஃபார்மலினில் போட வேண்டும். சதையைப் போலப் பத்து மடங்கு ஃபார்மலின், 6 முதல் 72 மணி நேரம். இரவெல்லாம் சலைனில் (உப்பு நீரில்) கிடந்தாலும், பெரிய கட்டியைக் கீறாமல் அப்படியே போட்டாலும் உள்ளே அழுகும், புரதமும் போய்விடும். எலும்புத் துண்டை ஆசிடில் மென்மையாக்கினாலும் புரதம் சிதையலாம்.

லேபிலும் தவறலாம். ஃபார்மலின் பூட்டிய புரதத்தை பிஎச் 6 அல்லது 9 உள்ள கரைசலில் சூடாக்கித் திறக்க வேண்டும். சூடு போதாவிட்டால் இருப்பதும் இல்லையென்று வரும். நடுவில் சிலைடு காய்ந்தால் ஓரமெல்லாம் பொய்ப் பழுப்பு. பக்கத்திலேயே கன்ட்ரோல் சதையும், அதாவது முடிவு முன்பே தெரிந்த சதையும், ஓட்டினார்களா என்று கேளுங்கள்.

இரண்டாம் கருத்துக்குப் போகும்போது சிலைடோடு பிளாக்கையும் கேட்டு வாங்குங்கள். வெயிலில் நிற்கும் காரில் மட்டும் வைக்காதீர்கள், மெழுகு இளகிவிடும்.