விருந்தும் மூன்று நாளும் – கடிதம்

அன்புள்ள ஆசிரியருக்கு,

மியான்மரிலிருந்து ஓடிவந்த ரோஹிங்கியா அகதிகள் பற்றிய உங்கள் குறிப்பில், 2015-இல் நடுக்கடலில் தத்தளித்தவர்களைக் கரைசேர்த்த, இந்தோனேசியாவின் அச்சே மாகாண மீனவர்களைப் பாராட்டியிருந்தீர்கள். அதே அச்சேயில்தான் 2023 கடைசியில் படகுகளைத் திரும்பக் கடலுக்குள் தள்ளினார்கள். அதன் தலைநகரான பண்டா அச்சேயில் மாணவர்கள் அகதிகளை விரட்டி லாரியில் ஏற்றிய காணொளியை நானும் பார்த்தேன். இரு தரப்பும் ஒரே மதம், இஸ்லாம். அச்சே மக்கள் போரும் பார்த்தவர்கள், சுனாமியும் பார்த்தவர்கள். அவர்களுக்கே வெறுத்துப்போனது என்றால் கோளாறு வந்தவர்களிடம்தானே? விருந்தும் மருந்தும் மூன்று நாள் என்று நம் பெரியவர்கள் சும்மாவா சொன்னார்கள்? ஆளில்லாத தீவு ஒன்றைக் கொடுத்துவிட்டால் இரண்டு பக்கமும் நிம்மதி அல்லவா?

ஆர்., திருப்பூர்

அன்புள்ள ஆர்.,

நீங்கள் சொன்ன பழமொழிக்குள்ளேயே பாதிப் பதில் இருக்கிறது. மூன்று நாள் கணக்கு, திரும்பிப் போக வீடு உள்ள விருந்தாளிக்கானது. 2015-இல் அச்சேக்கு வந்தவர்கள் அப்படிப்பட்ட விருந்தாளிகளாகத் தோன்றினார்கள். 2023-இல் வந்தவர்கள் அப்படித் தோன்றவில்லை. எட்டு வருடங்களில் மாறியது இதுதான்.

2015 மே மாதத்தில் தாய்லாந்தில் ஆள்கடத்தல் முகாம்களில் புதைகுழிகள் கண்டுபிடிக்கப்பட்டன. அரசு நெருக்கியதும் கடத்தல்காரர்கள் படகுகளை அப்படியே கடலில் விட்டுவிட்டு ஓடினார்கள். தாய்லாந்து, மலேசியா, இந்தோனேசியா மூன்றும் அந்தப் படகுகளைத் தள்ளிவிட்டுக்கொண்டிருந்தபோது அச்சே மீனவர்கள்தான் மீட்டார்கள். 'பங்லிமா லாவுட்' எனப்படும் கடல் தலைவர்களின் வழக்காறு அங்கே நூற்றாண்டுகளாக உண்டு. கடலில் ஆபத்தில் இருப்பவரைக் கண்டும் விட்டுவிட்டு வரக்கூடாது என்பது அதன் விதி. சுமார் 1,800 பேர் அச்சேயில் கரையேறினார்கள். பாதிக்குச் சற்று மேல் ரோஹிங்கியாக்கள், மற்றவர்கள் வங்கதேசத்தவர்.

மே 20 அன்று மலேசியாவும் இந்தோனேசியாவும் ஓர் உடன்பாட்டுக்கு வந்தன. கடலில் மிச்சமிருக்கும் 7,000 பேருக்கு இடம் தருவோம், ஒரு வருடத்துக்குள் உலக நாடுகள் அவர்களை வேறிடம் குடியமர்த்த வேண்டும் என்றன. ஊராருக்கு ஒரு கெடு தெரிந்தது. வங்கதேசத்தவர் ஊர் திரும்பினார்கள். ரோஹிங்கியாக்களில் பெரும்பாலோர் அடுத்த ஓராண்டுக்குள் தரகர்கள் வழியாக மலேசியா போய்விட்டார்கள். முகாம்கள் காலியாயின.

மதம் பற்றிய உங்கள் வாதத்துக்கு ஓர் இடைச்செருகல். 2016 ஜூனில் அதே அச்சேயின் லோக்ங்கா கடற்கரையில் 44 ஈழத்தமிழர்களோடு ஒரு படகு நின்றுபோனது. பெண்கள் சிலர் படகிலிருந்து குதித்தபோது போலீஸ் வானத்தை நோக்கிச் சுட்டது. ஏறக்குறைய ஒரு வாரம் கழித்துத்தான் இறங்க விட்டார்கள். அங்கே தடுத்தது ஊர் அல்ல, அரசு.

அந்த ஆண்டு டிசம்பர் 31 அன்று இந்தோனேசியா 125-ஆம் எண் அதிபர் ஆணையை வெளியிட்டது. 1951 அகதிகள் உடன்படிக்கையில் கையெழுத்திடாத நாடு அது, ஆகவே கையில் இருப்பது இந்த ஆணை ஒன்றுதான். ஆபத்தில் உள்ள படகை மீட்புப் படை காப்பாற்ற வேண்டும், தங்க இடத்தை உள்ளூர் நிர்வாகம் பார்க்க வேண்டும், குடிவரவுத் துறை கண்காணிக்க வேண்டும் என்கிறது. எழுத்தில் நல்ல ஆணைதான். ஆனால் செலவுக்கு மத்திய பட்ஜெட்டையும் வெளி உதவியையும் காட்டுகிறதே தவிர, மாவட்டத்தின் கைக்குக் காசு வர வழி சொல்லவில்லை. உணவுக்குப் பெரும்பாலும் ஐ.நா.வின் குடிபெயர்வு அமைப்பும் அகதிகள் ஆணையமும் வருகின்றன. இடம், தண்ணீர், கழிப்பறை, காவல், குப்பை எல்லாம் படகு ஒதுங்கிய ஊரின் தலையில் விழுகின்றன. ஆகவே படகு கண்ணில் பட்டதுமே 'பக்கத்து ஊருக்குப் போகட்டும்' என்ற பேச்சு எழுகிறது. ஒருமுறை இறங்கிவிட்டால் பிறகு அது நம் தலைவலி என்று ஒவ்வொரு ஊரும் கற்றுக்கொண்டது.

மீனவர்களும் ஒன்றைக் கற்றுக்கொண்டார்கள். 2020 ஜூனில் வடக்கு அச்சேயின் லான்சோக் கரையில், அதிகாரிகள் தயங்கி நின்றபோது ஊர் மக்களே கயிறு போட்டுப் படகை இழுத்தார்கள். அடுத்த ஆண்டு, அந்த ரோஹிங்கியாக்களை ஆள்கடத்தலாகக் கொண்டுவந்ததாக மூன்று உள்ளூர் மீனவர்களுக்கு ஐந்தாண்டுச் சிறை. கடத்தல் வலை இருப்பது உண்மை, மறுக்கவில்லை. ஆனால் நடுக்கடலில் நிற்கும் ஒரு மீனவனால் எது தத்தளிக்கும் படகு, எது காசு வாங்கி ஏற்றிவந்த படகு என்று எப்படிப் பிரித்தறிய முடியும்? கிட்டே போகாமல் இருப்பதே பத்திரம் என்று ஆகிவிடுகிறது.

இனி 2023. வங்கதேசத்தின் காக்ஸ் பஜாரில் உள்ள ரோஹிங்கியா முகாம்களில் உலக உணவுத் திட்டம் ஆளுக்கு மாதம் 12 டாலர் கொடுத்துவந்தது. மார்ச்சில் அது 10 ஆனது, ஜூனில் 8. முகாமில் வேலை பார்க்கவும் அனுமதி இல்லை. மழைக்காலம் முடிந்து நவம்பரில் கடல் அடங்கியதும் படகுகள் வரிசையாகப் புறப்பட்டன. டிசம்பர் முடிவதற்குள் ஆயிரத்து ஐநூறுக்கும் அதிகமானோர் அச்சேயில் ஒதுங்கினார்கள். சுமத்திராவிலேயே வறுமை விகிதம் அதிகமான மாகாணம் அச்சே. போதாததற்கு, ஜகார்த்தா தரும் சிறப்புத் தன்னாட்சி நிதி அந்த வருடம்தான் பாதியாகக் குறைந்திருந்தது.

நவம்பர் நடுவில் சுமார் 250 பேரோடு வந்த படகுக்குச் சோறும் தண்ணீரும் கொடுத்துவிட்டுத் திரும்பத் தள்ளினார்கள். சில நாள் அலைந்து அது பீருவென்னில் கரையேறியது. சோறு போட்ட கையும் தள்ளிய கையும் ஒன்றே. இதை வெறுப்பு என்ற ஒரே சொல்லில் அடைக்க எனக்கு மனம் வரவில்லை.

டிசம்பர் 27 வேறு. பண்டா அச்சேயில் ஒரு மண்டபத்தின் அடித்தளத்தில் பெரும்பாலும் பெண்களும் குழந்தைகளுமாக 137 பேர் இருந்தார்கள். மாணவர் கூட்டம் உள்ளே புகுந்து அவர்களை வெளியேற்றியது. பிப்ரவரியில் தேர்தல் வரவிருந்த நேரம், டிக்டாக்கில் வாரக்கணக்காக வதந்தி ஓடியது. ஒருங்கிணைத்து நடத்தப்பட்ட இணையப் பிரச்சாரத்தின் விளைவு என்றே அகதிகள் ஆணையம் சொன்னது. படகைத் தள்ளிய கிராமத்தையும் இந்தக் கூட்டத்தையும் நீங்கள் ஒரே தட்டில் வைத்துவிட்டீர்கள்.

அகதிகள் முகாமிலிருந்து ஓடிவிடுகிறார்கள் என்று அச்சேயில் எழுந்த புகார் மட்டும் வதந்தி அல்ல. இந்தோனேசியாவில் அகதிக்கு வேலை செய்யும் உரிமை இல்லை, உறவினர் பலர் மலேசியாவில் இருக்கிறார்கள், ஓடத்தான் செய்வார்கள்.

கடைசியாகத் தீவு. இந்தோனேசியாவே அதைச் செய்து பார்த்திருக்கிறது. காலாங் தீவில் 1979 முதல் 1996 வரை சுமார் இரண்டரை லட்சம் வியட்நாம் அகதிகள் தங்கிப்போனார்கள். 2023 டிசம்பரில் துணை அதிபர் மஅரூஃப் அமீன் அதையே மறுபடி பேச்சுக்கு எடுத்தார். ஆனால் வியட்நாம் அகதிகளின் காலத்தில் அமெரிக்காவும் கனடாவும் ஆஸ்திரேலியாவும் கப்பல் கப்பலாக ஆட்களை ஏற்றுக்கொண்டன. கடைசியில் மிஞ்சியவர்களைத் திரும்ப வாங்கிக்கொள்ள வியட்நாம் என்றொரு நாடும் இருந்தது. ரோஹிங்கியாக்களை 1982 குடியுரிமைச் சட்டத்தாலேயே மியான்மர் வெளியே நிறுத்திவிட்டது. வெளியே போக வாசல் இல்லாத தீவு எப்படி இருக்கும் என்பதற்கு வங்கதேசத்தின் பாசன் சார் இருக்கிறது. 2020 டிசம்பர் முதல் 30,000-க்கும் மேற்பட்டவர்களை அங்கே கொண்டுபோனார்கள். செங்கல் வீடு, புயல் காப்பகம், சுற்றிலும் வெள்ளத் தடுப்புக் கரை, எல்லாம் உண்டு. 2021 ஆகஸ்டில் அங்கிருந்து தப்பியவர்களின் மீன்பிடிப் படகு கவிழ்ந்து பலர் மாண்டார்கள்.