காவல்துறையின் நம்பர் பிளேட் கேமராக்களுக்குச் சட்ட வரம்பு தேவையா?

தேவை என்றே கருதுகிறேன். குறிப்பாக, எந்தக் குற்றத்தோடும் தொடர்பில்லாத வண்டிகளின் பதிவை எத்தனை நாள் வைத்திருக்கலாம் என்பதில். சென்னை அண்ணா நகரில் வசிப்பதால், கடந்து செல்லும் வண்டிகளின் எண்ணைத் தானாகப் படித்துப் பதிவு செய்யும் இந்தக் கேமராக்கள் எனக்குப் புதியவை அல்ல. ரவுண்டானாவைச் சுற்றியுள்ள சந்திப்புகளில் 2019-லேயே அவை வந்துவிட்டன. சிவப்பு விளக்கைத் தாண்டுவோரையும் திருட்டு வண்டிகளையும் பிடிக்க அவை உதவும் என்பதால், அவற்றை அகற்றச் சொல்பவன் அல்லன் நான்.

அபராதம் விதிப்பதற்கு ஓரளவு தெளிவான விதி இருக்கிறது. 2019-இல் திருத்தப்பட்ட மோட்டார் வாகனச் சட்டத்தின் பிரிவு 136ஏ-இன் கீழ், 2021 ஆகஸ்டில் விதி 167ஏ அறிவிக்கப்பட்டது. கருவிக்கு ஆண்டுதோறும் புதுப்பிக்கப்படும் ஒப்புதல் சான்றிதழ் வேண்டும். கண்காணிப்பு நடப்பதை அறிவிக்கும் பலகை சாலையில் இருக்க வேண்டும். மீறல் நடந்த 15 நாட்களுக்குள் அறிவிப்பு அனுப்ப வேண்டும். சலானுக்கான மின்பதிவை அந்தச் சலான் முடியும்வரை பாதுகாக்க வேண்டும். ஆனால் அதே கேமரா, விதியை மீறாமல் ஒழுங்காகச் செல்பவரின் எண்ணையும் இடம், நேரத்தோடு படிக்கிறது. அந்தப் பதிவு என்ன ஆக வேண்டும் என்பது சலானுக்காக எழுதப்பட்ட இவ்விதியின் அக்கறை அல்ல.

ஒரு நாள் பதிவில் பெரிதாக ஒன்றும் தெரியாது. ஆறு மாதப் பதிவைக் கோத்துப் பார்த்தால், ஒருவர் எந்த மருத்துவமனைக்கு வாரந்தோறும் போகிறார், எந்த வழக்கறிஞரைச் சந்திக்கிறார், வள்ளுவர் கோட்டத்தில் ஆர்ப்பாட்டம் நடந்த நாட்களில் அவருடைய வண்டி அப்பக்கம் வந்ததா என்பதெல்லாம் தெரிந்துவிடும். அந்தரங்கம் அடிப்படை உரிமை என்று 2017-இல் புட்டசாமி வழக்கில் உச்ச நீதிமன்றத்தின் ஒன்பது நீதிபதிகள் அமர்வு தீர்ப்பளித்தபோது, அதில் அரசு தலையிட ஒரு சட்டமும் நியாயமான நோக்கமும் அந்த நோக்கத்துக்கு மிஞ்சாத அளவும் வேண்டும் என்றது. 2023-இன் டிஜிட்டல் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டம் இங்கே கைகொடுக்காது. குற்றத் தடுப்புக்காகவும் புலனாய்வுக்காகவும் தரவைக் கையாளும்போது, தேவை முடிந்ததும் அழிக்கும் கடமை உட்படப் பெரும்பாலான கடமைகளிலிருந்து பிரிவு 17 விலக்கு அளித்துவிடுகிறது.

வெளிநாடுகளில் இதற்கு விடை தேடியிருக்கிறார்கள். அமெரிக்காவின் நியூ ஹாம்ப்ஷைர் மாநிலத்தில், தேடப்படும் வண்டிகளின் பட்டியலோடு பொருந்தாத எண்ணை மூன்று நிமிடங்களுக்குள் அழித்துவிட வேண்டும். ஜெர்மனியின் அரசமைப்பு நீதிமன்றமோ, உடனே அழித்தாலும் எண்ணை ஒப்பிட்டுப் பார்ப்பதே உரிமையில் தலையிடுவதுதான், அதற்கும் தக்க காரணம் வேண்டும் என்று 2018 டிசம்பரில் தீர்ப்பளித்தது. மூன்று நிமிடம் சென்னைக்கு ஒத்துவராது என்பது என் எண்ணம். வண்டி திருடுபோன செய்தி காவல் நிலையத்துக்கு வந்து சேரவே பல மணி நேரம் ஆகலாம். சில நாட்கள் போதும். அதற்குமேல் வைத்திருக்க வேண்டுமானால் முதல் தகவல் அறிக்கை எண்ணைக் குறிப்பிட்டு உயரதிகாரியின் எழுத்துபூர்வ அனுமதி பெற வேண்டும்.

இயந்திரம் தவறுவதும் உண்டு. 8-ஐ 'பி' என்றும் பூஜ்யத்தை 'ஓ' என்றும் அது படிக்கலாம். தலைவர் படமும் வளைந்த எழுத்துகளுமாக இருக்கும் நம் ஊர் நம்பர் பிளேட்டுகளைப் பற்றிச் சொல்லவே வேண்டாம். எண்ணைச் சரியாகப் படித்தாலும் விபரீதம் நேரலாம். 2020-இல் அமெரிக்காவின் கொலராடோ மாநிலத்து அரோரா நகரில், வேறு மாநிலத்தில் திருடுபோன மோட்டார் சைக்கிளின் எண்ணும் ஒரு குடும்பம் சென்ற காரின் எண்ணும் ஒன்றாக இருந்ததால், சிறுமிகளைக்கூடத் துப்பாக்கி முனையில் தரையில் படுக்க வைத்தது காவல்துறை. வண்டியை மறிக்கும் முன், அதன் வகையையும் பதிவு மாநிலத்தையும் ஒரு மனிதர் கண்ணால் சரிபார்க்க வேண்டும் என்று விதி எழுதினாலே இது நேராது.

இன்னொன்று, பதிவை யார் பார்க்கிறார்கள் என்பது. தவணை தவறிய வண்டிகளைத் தேடித் திரியும் சீசிங் ஆட்களுக்கு இப்படியொரு பட்டியல் எவ்வளவு மதிப்புள்ளது என்று யோசித்துப் பாருங்கள். ஒவ்வொரு தேடலும், தேடியவர் பெயரோடும் காரணத்தோடும் அழிக்க முடியாத வகையில் பதிவாக வேண்டும். அதைக் காவல்துறைக்கு வெளியே உள்ள ஒருவர் தணிக்கை செய்ய வேண்டும்.

சட்டம் வரும்வரை காத்திருக்க வேண்டியதில்லை. பொருந்தாத எண்கள் எத்தனை நாள் சேமிக்கப்படுகின்றன, எந்தப் பதவியில் உள்ளவர்கள் அவற்றைத் தேடலாம் என்ற இரண்டு கேள்விகளை, தகவல் அறியும் உரிமைச் சட்டத்தின் கீழ் 10 ரூபாய் கட்டணத்தோடு சென்னை மாநகரக் காவல் ஆணையர் அலுவலகத்தின் பொதுத் தகவல் அலுவலருக்கு இப்போதே அனுப்பலாம்; 30 நாட்களுக்குள் பதில் வராவிட்டால் மேல்முறையீடு செய்யலாம்.