முதல் சீசன் உங்களுக்கு, அடுத்தது நாய்க்கு

கேள்வி: இங்கிலாந்தின் ஷ்ராப்ஷையரில் ஒரு கிராமத்தில் குடும்பத்தோடு இருக்கிறேன். பதினான்கு மாத லாப்ரடார் வைத்திருக்கிறேன், வேட்டை வம்சத்தில் பிறந்தது. பக்கத்துப் பண்ணைக்காரர் அவர்களுடைய சிண்டிகேட் ஷூட்டுக்கு (பலர் பணம் போட்டுச் சேர்ந்து நடத்தும் பறவை வேட்டை) நவம்பரில் நாயோடு வரச்சொல்கிறார். நாய் இதுவரை துப்பாக்கிச் சத்தமே கேட்டதில்லை. கூட்டிக்கொண்டு போகலாமா? எனக்கு லைசென்ஸ் வேண்டுமா? ஊரில் தாத்தா வைத்திருந்த சிப்பிப்பாறை யாரும் சொல்லிக்கொடுக்காமலே முயல் பிடிக்கும், இதற்கு மட்டும் ஏன் இத்தனை பயிற்சி? பறவையை வளர்த்துவிட்டுச் சுடுவது சரியா என்று மனைவி கேட்கிறார், அதற்கும் உங்கள் கருத்தைச் சொல்லுங்கள்.

பதில்: நீங்கள் கட்டாயம் போங்கள். நாயை வீட்டில் விட்டுவிட்டுப் போங்கள்.

இதைச் சொன்னால் பண்ணைக்காரர், "அதுக்கு ரத்தத்திலேயே இருக்கு, சும்மா கூட்டிட்டு வா" என்பார். ரத்தத்தில் இருப்பது மோப்பமும், எதையாவது கவ்விக்கொண்டு வந்து கையில் கொடுக்கும் ஆசையும்தான். கண்ணெதிரே பறவை விழும்போது எழுந்திருக்காமல் உட்கார்ந்திருப்பது அப்படி வருவதில்லை, பழக்கித்தான் வர வேண்டும். உங்கள் நாய்க்கு அந்தப் பழக்கம் இன்னும் வரவில்லை என்பது உங்கள் கேள்வியிலேயே தெரிகிறது.

ஷூட் நாளில் நடப்பதை நாயின் உயரத்திலிருந்து யோசித்துப் பாருங்கள். காலையில் பண்ணை முற்றத்தில் முன்பின் தெரியாத பத்துப் பதினைந்து நாய்கள், கூச்சல், வண்டிகள். பிறகு வயலில் வரிசையாக நட்ட பெக் (அடையாளக் குச்சி) ஒவ்வொன்றிலும் ஒரு துப்பாக்கிக்காரர் நிற்பார், எதிரே இருக்கும் தோப்பின் மறுகோடியிலிருந்து பீட்டர்கள், அதாவது பறவைகளைக் கிளப்பிவிடும் ஆட்கள், தடியால் மரங்களைத் தட்டிக்கொண்டே வருவார்கள், ஹார்ன் ஒலிக்கும், ஃபெசன்ட் என்னும் கோழி போன்ற வேட்டைப் பறவைகள் இறக்கை படபடக்க உயரக் கிளம்பி துப்பாக்கி வரிசையின் தலைக்கு மேலே பறக்கும். அடுத்த பத்து நிமிடம் இடமும் வலமும் '12-போர்' என்னும் குழல் அளவுள்ள துப்பாக்கிகள் வெடித்துக்கொண்டே இருக்கும், பறவைகள் நாயின் மூக்குக்கு இரண்டடி தள்ளி வந்து தொப்பென்று விழும். பழகாத இளநாய்க்கு இதில் இரண்டில் ஒன்று நேரும். மிரண்டுபோய் வண்டிக்கு அடியில் ஒளிந்துகொள்ளும், இல்லையென்றால் வெறி தலைக்கேறி ஒவ்வொரு வெடிக்கும் பாய்ந்தோடும். மிரண்ட நாயைத் திருப்பிக் கொண்டுவர மாதக்கணக்கில் பாடுபட வேண்டும், சில நாய்கள் திரும்பி வருவதே இல்லை. ஒரு நாளைய ஆசைக்காக பத்து வருட வேலை நாயைப் பணயம் வைக்காதீர்கள்.

சிப்பிப்பாறையை இதோடு ஒப்பிடவே கூடாது. அது கண்ணால் கண்டு துரத்திப் பிடிக்கிற நாய், பிடித்துவிட்டால் அதன் வேலை முடிந்தது. லாப்ரடாரின் முன்னோர்கள் நியூஃபவுண்ட்லாந்து கடற்கரையில் மீனவர்களோடு தண்ணீரில் வேலை பார்த்த நாய்கள். பிரிட்டனுக்கு வந்தபின் இங்கே பிரபுக்களின் எஸ்டேட்களில் சுட்ட பறவையைப் பொறுக்கி வருவதற்காகவே வளர்க்கப்பட்டு, 1903ல் கென்னல் கிளப் தனி இனமாக ஏற்றுக்கொண்டது. அதன் வேலையில் முக்கால்வாசி காத்திருப்பது. சொல்லும்வரை அசையாமல் உட்கார வேண்டும், சொன்னதும் போக வேண்டும், பல் படாமல் தூக்கிவர வேண்டும். சரி, ஊர்ப் பழக்கத்தில் நாயை முயல் மேல் ஏவிவிடலாம் என்ற எண்ணம் இருந்தால் அதை விட்டுவிடுங்கள். இங்கே நாயை விட்டுக் காட்டுமுயலை (ஹேர்) துரத்திப் பிடிப்பது 2004ம் ஆண்டின் வேட்டைச் சட்டப்படி குற்றம், கிராமப்புறப் போலீஸ் அதைத் தீவிரமாகவே எடுத்துக்கொள்கிறார்கள்.

இந்த நவம்பரில் நீங்கள் பீட்டராகப் போங்கள். அதற்கு எந்தச் சான்றிதழும் தேவையில்லை. நல்ல மழைக்கோட்டு, முள்ளுக்குத் தாங்கும் கால்சட்டை, ஒரு தடி போதும். பறவைகளைப் பராமரிக்கும் கீப்பர் சொன்ன இடத்தில், சொன்ன வேகத்தில், வரிசை கலையாமல் நடங்கள். புதிதாக வருபவர்கள் ஆர்வத்தில் முந்திக்கொண்டு போவதுதான் வழக்கமான தப்பு, அப்படிப் போனால் எல்லாப் பறவையும் ஒரே நேரத்தில் கிளம்பி அந்த டிரைவே (ஒரு சுற்று விரட்டல்) வீணாகிவிடும். சாயங்காலம் செலவுக்குக் கொஞ்சம் காசும் ஒரு ஜோடி ஃபெசன்ட்டும் கையில் கொடுப்பார்கள். அதைவிடப் பெரிய லாபம், அங்கே வேலை செய்யும் நாய்களை நாள் முழுக்கப் பார்க்கலாம். துப்பாக்கி வரிசைக்கு இருநூறு முந்நூறு கஜம் பின்னால் பிக்கர்-அப்கள் நாய்களோடு நிற்பார்கள். அடிபட்டு ஓடும் பறவையைத் தேடி எடுப்பது அவர்கள் பொறுப்பு. அவர்களில் சத்தமே போடாமல் வேலை வாங்குகிற ஆள் ஒருவர் எப்படியும் இருப்பார், அவரோடு சிநேகம் பிடித்துக்கொள்ளுங்கள்.

நாய்க்கு இந்தக் குளிர்காலம் முழுக்க வீட்டுப்பாடம். முதலில் விசில். லாப்ரடார் வைத்திருக்கிறவர்கள் பெரும்பாலும் ஆக்மி 211.5 எண் விசில் வாங்குவார்கள். எண் ஒன்றாக இருந்தால் ஒலியும் ஒன்றாக இருக்கும், தொலைத்துவிட்டால் அதே எண்ணில் இன்னொன்று வாங்கிக்கொள்ளலாம். நீளமாக ஒரு ஊதல் என்றால் எங்கே இருந்தாலும் உட்கார்ந்து உங்களைப் பார்க்க வேண்டும். சின்னச் சின்னதாக நாலைந்து ஊதல் என்றால் திரும்பி வர வேண்டும். இந்த இரண்டும் ஆள் இல்லாத வயலில் நூறு கஜத்தில், காற்று எதிர்த்து வீசும் நாளிலும் பிசகாமல் நடக்கும்வரை வேறு எதற்கும் போகாதீர்கள்.

அப்புறம் டம்மி, அதாவது பறவைக்குப் பதிலாக வீசும் பொதி. எல்லோரும் தப்புச் செய்கிற இடம் இதுதான். டம்மியை வீச வேண்டியது, நாயை விட வேண்டியது, திரும்ப வீச வேண்டியது என்று ஒரு மணி நேரம் விளையாடுவார்கள், நாய்க்கும் ஆனந்தம். ஆனால் அது கற்றுக்கொள்வது என்ன? எது விழுந்தாலும் ஓட வேண்டும் என்பதைத்தான். நான்கு டம்மி வீசினால் மூன்றை நீங்களே நடந்துபோய் எடுங்கள். அந்த நேரம் நாய் உட்கார்ந்தே இருக்கட்டும். நான்காவதைக்கூட உடனே அனுப்பாமல், மனதுக்குள் இருபது எண்ணிவிட்டு அனுப்புங்கள். பார்க்கச் சலிப்பாக இருக்கும், ஆனால் நாய் உங்கள் முகத்தைப் பார்க்கத் தொடங்குவது இதில்தான்.

சத்தம் பழக்குவதற்கு உதவிக்கு ஒருவர் வேண்டும். அவர் ஸ்டார்ட்டிங் பிஸ்டலோடு (ஓட்டப்பந்தயம் தொடங்க வெடிப்பது) இருநூறு கஜத்துக்கு அப்பால், காற்று அவர் பக்கம் வீசும்படி நிற்கட்டும். நாய் தனக்குப் பிடித்த எதையாவது செய்துகொண்டிருக்கும்போது ஒரே ஒரு வெடி. காதைப் பாருங்கள், வாலைப் பாருங்கள். காதை நிமிர்த்தி அந்தப் பக்கம் ஒரு பார்வை பார்த்துவிட்டு மறுபடி தன் வேலைக்குப் போனால் நல்லது, அன்றைக்கு அதோடு முடித்துவிடுங்கள். வால் உள்ளே போனாலோ, உதட்டை நக்கிக்கொண்டு உங்கள் காலுக்குப் பின்னால் வந்தாலோ, பதறாமல் சாதாரணமாக நடந்து வீட்டுக்கு வாருங்கள், அடுத்தமுறை தூரத்தைக் கூட்டுங்கள். எத்தனை வாரம் ஆனாலும் ஆகட்டும், நாய் தயங்காதபோது மட்டும் பத்து இருபது கஜம் நெருங்குங்கள். வெடி கேட்டதும் உட்கார வேண்டும் என்று பழக்குங்கள், ஒவ்வொரு வெடிக்குப் பின்னாலும் டம்மி வீசினால் வெடியையே ஓடுவதற்கான கட்டளையாக எடுத்துக்கொள்ளும். பழக்குகிறேன் என்று களிமண் தட்டு சுடும் மைதானத்தின் கார் நிறுத்தத்துக்குக் கொண்டுபோய் நிறுத்தாதீர்கள், அங்கே வெடி ஓயாது. நவம்பர் 5 பட்டாசு இரவில் நாயை வீட்டுக்குள் வைத்து திரையை இழுத்துவிட்டு, டிவியைக் கொஞ்சம் சத்தமாக வையுங்கள்.

உண்மையான பறவைக்கு வரும்போது, குளிர்ந்துபோன, ரத்தக்கறை இல்லாத, முழுசான பறவையோடு தொடங்குங்கள். மரப்புறாவின் இறகு லேசில் உதிர்ந்து வாயெல்லாம் ஒட்டும், இளநாய்கள் துப்பிவிட்டு வந்துவிடும், அதனால் பழைய காலுறை ஒன்றுக்குள் போட்டுக் கொடுக்கலாம். உயிரோடு ஓடும் சேவல் ஃபெசன்ட்டை முதல் பறவையாகக் கொடுக்கவே கூடாது. அதன் காலில் முள் உண்டு, முகத்தில் கீறிவிட்டால் அடுத்த பறவையை நாய் கடித்து நொறுக்க ஆரம்பித்துவிடும்.

எல்லாம் ஒழுங்காகப் போனால் அடுத்த சீசனில் நாய்க்கு இரண்டு வயது தாண்டியிருக்கும். அப்போதும் பெக்கில் வேண்டாம், பீட்டர் வரிசையிலும் வேண்டாம். நீங்கள் சிநேகம் பிடித்த அந்த பிக்கர்-அப்போடு வெகுதூரம் பின்னால், லீடில் (கழுத்துக் கயிறு) கட்டி ஒரு நாள் சும்மா உட்கார வையுங்கள். கடைசி டிரைவ் முடிந்து எல்லாம் அடங்கியபின் ஒரே ஒரு பறவையை எடுக்கவிட்டு வண்டியில் ஏற்றிவிடுங்கள். "ஜனவரி கடைசியில் பீட்டர்ஸ் டே வருதே, அன்னைக்குக் கூட்டிட்டு வா" என்று யாராவது சொல்வார்கள். பீட்டர்களே சுடும் நாள் அது, எல்லோர் வீட்டு நாயும் வந்திருக்கும், பாதி நாய்கள் சொன்னபேச்சு கேட்காமல் அலைந்துகொண்டிருக்கும். இளநாய் கெட்டபழக்கம் கற்றுக்கொள்ள அதைவிட வசதியான நாள் கிடையாது.

சட்டத்துக்கு வருவோம். சொந்தத் துப்பாக்கி வைத்துக்கொள்ள போலீஸ் தரும் ஷாட்கன் சான்றிதழ் வேண்டும், ஐந்து வருடம் செல்லும். உங்கள் டாக்டரிடமிருந்து மருத்துவ விவரம் கேட்பார்கள், வீட்டுக்கு வந்து பார்ப்பார்கள், துப்பாக்கியைப் பூட்டி வைக்க சுவரில் பொருத்திய இரும்புப் பெட்டி இருக்க வேண்டும், அதன் சாவி உங்களைத் தவிர வேறு யாருக்கும், மனைவிக்குக்கூட, எட்டக்கூடாது. விண்ணப்பம் முடிய மாதங்கள் ஆகலாம், இப்போதே போட்டுவையுங்கள். பழைய துப்பாக்கி வாங்கினால் அது எஃகுக் குண்டுக்குத் தாங்குமா என்று துப்பாக்கிக் கடைக்காரரிடம் கேட்காமல் வாங்காதீர்கள். ஈயக் குண்டுகளை 2029க்குள் நிறுத்தப்போவதாக 2025ல் அரசு அறிவித்துவிட்டது, வாத்து சுட ஈயம் இங்கிலாந்தில் 1999லிருந்தே கூடாது. ஃபெசன்ட் சீசன் அக்டோபர் 1 முதல் பிப்ரவரி 1 வரை. இங்கிலாந்தில் ஞாயிற்றுக்கிழமையும் கிறிஸ்துமஸ் அன்றும் சுடக்கூடாது.

நாய்க்கு மைக்ரோசிப் கட்டாயம். பொது இடத்தில் பெயரும் முகவரியும் உள்ள கழுத்துப்பட்டையும் கட்டாயம், ஆனால் வேட்டை வேலையில் இருக்கும் நேரத்துக்கு இதிலிருந்து விலக்கு உண்டு. புதரில் பட்டை மாட்டிக்கொண்டு நாய் தொங்கிவிடக் கூடாது என்பதற்காக வேலை நேரத்தில் கழற்றிவிடுவார்கள். மார்ச் 1 முதல் ஜூலை 31 வரை மக்கள் நடமாட அனுமதித்த திறந்தவெளி நிலங்களில் நாயைக் குட்டை லீடில் பிடித்திருக்க வேண்டும், அது தரையில் கூடுகட்டும் பறவைகள் குஞ்சு பொரிக்கும் காலம். எல்லாவற்றையும்விட ஆடுகள். உங்கள் வட்டாரத்தில் வேலிக்கு வேலி ஆடு. ஆட்டை விரட்டுகிற நாயை, தடுக்க வேறு வழியில்லை என்றால், விவசாயி சுட்டுவிட்டாலும் சட்டம் அவர் பக்கம் நிற்க வாய்ப்பு அதிகம். விசில் பயிற்சியை ஆடு இருக்கும் வயலில் வைத்துக்கொள்ளாதீர்கள்.

உங்கள் மனைவி கேட்டது நியாயமான கேள்வி. இங்கே வருடந்தோறும் கோடிக்கணக்கில் ஃபெசன்ட்களை வளர்த்து விடுகிறார்கள், அது இந்த மண்ணின் பறவையும் இல்லை. ஒரே நாளில் முந்நூறு நானூறு பறவை சுட்டுவிட்டு, அது யார் தட்டுக்குப் போகிறது என்று யாருக்கும் தெரியாத ஷூட்களை நான் ஆதரிக்கவில்லை, அப்படிப்பட்ட இடத்துக்கு வேலைக்குக்கூடப் போகாதீர்கள் என்பேன். உங்கள் பண்ணைக்காரரிடம் மூன்று கேள்வி கேளுங்கள்: ஒரு நாளைக்கு எத்தனை பறவை, அத்தனையும் எங்கே போகிறது, பறவைக்காக என்ன நட்டிருக்கிறீர்கள். நாற்பது ஐம்பது பறவையோடு நிறுத்திக்கொண்டு, வந்தவர்களே பகிர்ந்து எடுத்துப்போய்ச் சமைத்து, வேலிப்புதர்களையும் தோப்பையும் பராமரிக்கிற சிறு சிண்டிகேட் என்றால் என் மனசாட்சிக்கு அது உறுத்துவதில்லை. கடைக் கோழி வாழும் ஐந்தாறு வாரக் கொட்டகை வாழ்க்கையைவிட அந்தப் பறவையின் வாழ்க்கை மேல் என்றே நினைக்கிறேன். அடிபட்ட பறவையை விரைவாகத் தேடி எடுத்து அதன் வேதனையை முடிப்பதற்கு நல்ல நாயைவிடச் சிறந்த வழி கிடையாது, நாயை முறையாகப் பழக்குவதில் நான் இவ்வளவு பிடிவாதம் பிடிப்பதற்கு அதுவே முதல் காரணம். மனைவிக்கு அப்போதும் ஒப்பவில்லை என்றால் வற்புறுத்தாதீர்கள், நாய்க்கு டம்மி வேலையும் போட்டிகளும் மட்டுமே போதும், அதிலேயே சந்தோஷமாக வாழும்.

கடைசியாக உடம்பு. வேலை நாளில் காலையில் வயிறு முட்டச் சோறு வேண்டாம், வயிறு முறுக்கிக்கொண்டால் உயிருக்கே ஆபத்து. நடுவில் சின்னதாக ஏதாவது கொடுங்கள், ராத்திரி நன்றாக ஓய்ந்தபின் முழுச் சாப்பாடு. இடைவேளையில் பழக்கேக்கும் மின்ஸ் பை என்ற பழப் பணியாரமும் சுற்றி வரும், அதிலுள்ள உலர்திராட்சை நாய்க்கு விஷம், சிறுநீரகத்தைக் கெடுத்துவிடும், யாரும் பாசத்தில் ஒரு துண்டு போட்டுவிடாமல் பார்த்துக்கொள்ளுங்கள். குளிர்ந்த தண்ணீரில் நீந்திய மறுநாள் வால் அடியோடு துவண்டு தொங்கினால் பயப்படாதீர்கள், லாப்ரடார்களுக்கு இது வருவதுண்டு, ஓய்வு கொடுத்தால் சில நாளில் சரியாகும், வலி அதிகமென்றால் கால்நடை டாக்டரிடம் காட்டுங்கள். வீட்டுக்கு வந்ததும் ஈரத்தைத் துடைத்து, அடிவயிறு, அக்குள், விரலிடுக்கு என்று கையால் தடவிப் பாருங்கள், முள்கம்பி கிழித்தது ரோமத்துக்குள் தெரியாது, உண்ணியும் அங்கேதான் ஒட்டியிருக்கும். நாயின் காப்பீட்டுப் பத்திரத்தையும் இந்த வாரமே எடுத்துப் பாருங்கள். பல பாலிசிகள் வீட்டு நாயைத்தான் ஏற்கும், வேட்டை வேலையில் பட்ட காயத்துக்குக் காசு தராது. போன் செய்து, வேலை நாய் என்று எழுத்தில் வாங்கிக்கொள்ளுங்கள்.