கொரோனாவும் வயித்துக் குழப்பமும்: கேள்வி பதில்

கொரோனா வந்த வளர்ந்தவர்களின் வயிற்றுப் பிரச்சினைகள் பற்றி இலங்கையின் வன்னிப் பகுதியின் பல இடங்களிலிருந்தும் வந்த கேள்விகள் இவை. இங்கே சொல்லும் அளவுகள் எல்லாம் பெரிய ஆட்களுக்கு. சிறுபிள்ளைகளுக்கு இவற்றைப் பாவிக்க வேண்டாம்.

கிளிநொச்சி: டொக்டர், என்ரை மனுசனுக்கு இருமல் தடிமன் ஒண்டுமில்லை. மூண்டு நாளா வயித்தாலை போகுது, சாப்பாட்டைக் கண்டாலே வெறுப்பு. ரெஸ்ற்றிலை கொரோனா எண்டு வந்திருக்கு. வயித்தாலை போறதும் அதாலையோ?

ஓம் அம்மா, அதாலேயே இருக்கலாம். இந்த வைரஸ் கலங்களுக்குள் நுழையப் பிடித்துக்கொள்வது ஏசிஈ-2 என்ற புரதத்தை. அது மூச்சுப்பாதையில் மட்டுமில்லை, சிறுகுடலின் உட்சுவரிலும் நிறைய இருக்கிறது. குடற்சுவர் பாதிக்கப்பட்டால் தண்ணீரை உறிஞ்சுவது குறையும், மலம் தண்ணியாகப் போகும். அதிகம் பேருக்கு வருவது சாப்பாட்டில் மனமில்லாமை. வயிற்றோட்டமும் குமட்டலும் அதற்கு அடுத்தபடி. சத்தியும் வயிற்றுவலியும் இன்னும் குறைவு. சிலருக்கு இருமலுக்கு முன்னமே வயிறு குழம்பும். 2020 ஜனவரியில் அமெரிக்காவில் முதலில் உறுதிசெய்யப்பட்ட நோயாளிக்கே குமட்டல், சத்தி, வயிற்றோட்டம் எல்லாம் இருந்தன. அவருடைய மலத்திலும் வைரஸின் மரபுப்பொருள் கிடைத்தது.

பெரும்பாலும் ஒரு கிழமைக்குள் தானாக அடங்கிவிடும். மலத்தில் இரத்தம் போனால் மட்டும் கொரோனா என்று விட்டுவிடாதேயுங்கோ, அதற்கு வேறு காரணம் தேட வேண்டும்.

விசுவமடு: ஜீவனி எப்பிடிக் கரைக்கிறது? வளவிலை செவ்விளநீர் நிறைய நிக்குது, அது போதாதோ?

ஜீவனி என்பது வயிற்றோட்டத்துக்குத் தண்ணீரில் கரைத்துக் குடிக்கிற உப்பு, குளுக்கோஸ் தூள். பக்கற்றில் எத்தனை மில்லிலீற்றர் என்று போட்டிருக்கிறதோ அத்தனை தண்ணீர். பெரிய பக்கற்றுக்கு ஒரு லீற்றர். கண்மட்டத்துக்கு ஊற்றாமல் ஒரு லீற்றர் வெற்றுப் போத்தலால் அளவுங்கோ. தண்ணீர் கொதித்தாறியதாக இருக்கட்டும். மழை வெள்ளம் ஏறி இறங்கிய கிணறு என்றால் தெளிந்து தெரிந்தாலும் கொதிக்க வைத்தே ஆக வேண்டும். கரைத்த பிறகு கொதிக்க வைக்கக் கூடாது. பக்கற் முழுவதையும் ஒரே தடவையில் கரையுங்கோ. பாதியைக் கிளாசில் போட்டு மீதியைச் சுருட்டி வைப்பதால்தான் அளவு பிழைக்கிறது. கரைத்தது 24 மணித்தியாலம் தாண்டினால் வெளியே ஊற்றிவிடுங்கோ.

ஒவ்வொரு முறை போனதும் ஒரு கிளாஸ், அதாவது 200 மில்லிலீற்றர். சத்தி எடுத்தால் பத்து நிமிடம் பொறுத்து, நிமிடத்துக்கு ஒரு தேக்கரண்டியாகக் கொடுங்கோ. அப்படிக் கொடுத்தாலும் ஒரு மணித்தியாலத்தில் 300 மில்லிலீற்றர் உள்ளே போய்விடும். ஒரேயடியாகக் குடித்தால் அவ்வளவும் வெளியே வரும்.

பக்கற் இல்லாவிட்டால் ஒரு லீற்றர் தண்ணீருக்கு சீனி மட்டமாக வழித்த 6 தேக்கரண்டி, உப்பு மட்டமாக அரைத் தேக்கரண்டி. உப்புக் கூடினால் ஆபத்து. வாயில் வைத்துப் பாருங்கோ, கண்ணீரை விட உப்பாக இருந்தால் ஊற்றிவிட்டுப் புதிதாகக் கரையுங்கோ. உப்பும் குளுக்கோசும் சேர்ந்து போனால்தான் பழுதான குடலும் அவற்றை இழுத்துக்கொள்ளும், தண்ணீர் அவற்றின் பின்னால் போகும். வெறும் தண்ணீர் மட்டும் குடித்து இதைச் சமாளிக்க ஏலாது.

இளநீரில் பொட்டாசியம் கூட, சோடியம் குறைவு. வயிற்றோட்டத்தில் அதிகம் இழப்பதோ சோடியம். ஆகவே இளநீரை மேலதிகமாகக் குடிக்கலாம், ஜீவனிக்குப் பதிலாக அல்ல. சோடாவும் சீனி கூடப் போட்ட தேத்தண்ணியும் வேண்டாம், அவை குடலுக்குள் தண்ணீரை இழுத்து இன்னும் போகவைக்கும். உப்புப் போட்ட அரிசிக்கஞ்சி நல்லது.

செட்டிகுளம்: அப்பா கிட்னி கிளினிக்குப் போறவர், சலரோகமும் பிரஷரும் இருக்கு. அவருக்கும் இதே மாதிரிக் குடுக்கலாமோ?

இல்லைத் தம்பி. காரணம் தெரியாத சிறுநீரக நோய் விவசாயிகளுக்கு வருகிற மாவட்டங்களில் உங்கடை வவுனியாவும் ஒன்று. அதனால் இதை எல்லாரும் கவனமாக வாசியுங்கோ. சிறுநீரகம் பழுதானவருக்கு இளநீரின் பொட்டாசியம் இதயத் துடிப்பையே குழப்பும். ஜீவனியிலும் பொட்டாசியம் உண்டு. அதோடு, குடிக்கிற தண்ணீருக்கே கிளினிக்கில் அளவு சொல்லியிருப்பார்கள். நாலைந்து தரம் வயிற்றால் போய்விட்டால் வீட்டில் வைத்துப் பார்க்காமல் அன்றைக்கே வைத்தியசாலைக்குக் கொண்டுபோங்கோ.

மெற்போமின், லோசாட்டன், எனலாப்பிரில், புருசமைட் போன்ற குளிசைகளை உடம்பு வற்றியிருக்கும்போது தொடர்ந்து போட்டால் சிறுநீரகம் மேலும் பாதிக்கப்படலாம், மெற்போமினால் இரத்தத்தில் அமிலம் கூடலாம். இப்படியான நாட்களில் டொக்டர்மார் சிலவற்றைத் தற்காலிகமாக நிறுத்துவார்கள். எதை நிறுத்துவது என்று கிளினிக் கொப்பியோடு போய்க் கேளுங்கோ. இன்சுலினையும் ஸ்ரெரொயிட் குளிசையையும் ஒருக்காலும் தானாக நிறுத்தக் கூடாது.

ஒட்டுசுட்டான்: அண்ணை வயலுக்குப் போறவர். காய்ச்சல், சத்தி, உடம்பு உளைவு. ஊரிலை கொரோனா இருக்கிறபடியால் அதுதான் எண்டு வீட்டிலை கிடக்கிறார். சரியோ?

சரியில்லை தங்கச்சி. வந்த கேள்விகளில் எனக்கு ஆகக் கவலை தருவது இதுதான். மாரிகாலத்தில் எலிக்காய்ச்சலும் டெங்கும் நெருப்புக்காய்ச்சலும் இதே போலத்தான் தொடங்கும். 2024 டிசம்பரில் யாழ்ப்பாண மாவட்டத்தில் எலிக்காய்ச்சல் பரவி உயிர்களையும் எடுத்தது. கொரோனாவென்று ரெஸ்ற்றில் வந்தாலும் டெங்கு இல்லை என்று அர்த்தமில்லை, இரண்டும் சேர்ந்து வரலாம்.

கெண்டைக்கால் சதையை அமத்திப் பாருங்கோ. தொடவிடாமல் நோகுதோ? பூழை தள்ளாமல் கண் சிவந்திருக்கோ? சலம் குறைந்திருக்கோ, கண் மஞ்சளோ? இதில் ஒன்று இருந்தாலும் எலிக்காய்ச்சலை நினைக்க வேண்டும். நிற்காத சத்தியும் வயிற்றுவலியும் டெங்கின் அபாய அறிகுறிகள். அதுவும் காய்ச்சல் விடுகிற நேரத்தில் வந்தால் இன்னும் மோசம், “காய்ச்சல் விட்டிட்டுது” என்று எல்லாரும் ஆறுதல்படுகிற நாள் அதுதான். மூன்றாம் நாளுக்குள் இரத்தப் பரிசோதனை செய்வியுங்கோ. வயலில் இறங்கியதை டொக்டரிடம் வாய்விட்டுச் சொல்லுங்கோ.

எலிக்காய்ச்சல் தடுப்புக்கு வயலுக்குப் போவோருக்கு டொக்சிசைக்கிளின் கிழமைக்கு ஒருக்கால் 200 மில்லிகிராம் கொடுப்பார்கள். சுகாதார வைத்திய அதிகாரி பணிமனையில் கேளுங்கோ.

மாங்குளம்: பாமசியிலை வயித்தோட்டம் நிக்கிற குளிசை வாங்கிப் போடலாமோ?

காய்ச்சல் கூடவாகவோ மலத்தில் இரத்தமோ இருந்தால் வயிற்றோட்டத்தை நிறுத்துகிற லோப்பெரமைட் குளிசையைத் தொடவே வேண்டாம். குடல் அசையாமல் நின்றால் கிருமி உள்ளேயே தங்கும். அசித்திரோமைசின் போன்ற அன்ரிபயோட்டிக் வைரசைக் கொல்லாது, தானே வயிற்றோட்டத்தைக் கொண்டுவரலாம். காய்ச்சலுக்கும் உளைவுக்கும் பனடோல் 500 மில்லிகிராம் ஒன்று அல்லது இரண்டு, ஆறு மணித்தியால இடைவெளியில், நாளுக்கு எட்டுக்கு மேல் போகாமல். ஈரல் வருத்தம், நெடுநாள் குடி, மெலிந்த உடம்பு என்றால் அதிலும் குறைவு, டொக்டரிடம் கேட்டுத்தான். டைகுளோபெனாக், இபுபுரோபென் என்ற நோக்குளிசைகள் இரண்டும் வேண்டாம். டெங்கு என்றால் இரத்தக்கசிவு வரலாம், உடம்பு வற்றியிருந்தால் சிறுநீரகம் அடிபடலாம்.

முழங்காவில்: ஒடியற்கூழ் குடிக்கலாமோ? பால்?

கூழில் உறைப்பும் நண்டும் இறாலும் இருக்கும், வயிறு தேறும்வரை பொறுங்கோ. பாலும் ஒரு கிழமை வேண்டாம், பாற்சீனியைச் செமிக்க வைக்கிற நொதியம் குடலில் தற்காலிகமாகக் குறைந்திருக்கும். குழைந்த சோறு, இடியப்பம், பருப்பு, வாழைப்பழம், அவித்த முட்டை சாப்பிடலாம். பட்டினி கிடக்க வேண்டாம்.

புதுக்குடியிருப்பு: எப்ப ஆஸ்பத்திரிக்கு ஓடவேணும்?

எட்டு மணித்தியாலமாகச் சலம் போகாவிட்டால், எழும்பினால் தலைசுற்றி விழப்பார்த்தால், ஜீவனிகூடத் தங்காமல் சத்தி எடுத்தால், கறுப்பு மலமோ இரத்தமோ போனால், வயதானவர் பேச்சுத் தடுமாறினால், ஒட்சிசன் அளவு 94 வீதத்துக்குக் கீழே இறங்கினால் உடனே 1990 என்ற இலக்கத்துக்கு அடியுங்கோ. அம்புலன்ஸ் இலவசம். இன்னொன்றும் உண்டு. கொரோனா இரத்தத்தை உறையவைக்கக் கூடியது. அரிதாகக் குடலுக்குப் போகிற இரத்த நாளமே அடைபடும். வயிற்றை அமத்தினால் பெரிதாக ஒன்றும் தெரியாது, ஆனால் ஆள் வலியில் துடிப்பார். அதை வாய்வு என்று நினைத்து ஓமத்தண்ணி கொடுத்துக்கொண்டிருந்தால் குடல் அழுகிவிடும்.

மல்லாவி: ஒரே மலசலகூடம்தான். மற்றவைக்குத் தொத்துமோ?

மலத்தில் வைரஸின் மரபுப்பொருள் கிழமைக்கணக்கில் இருக்கலாம், உயிருள்ள வைரஸ் கிடைப்பது குறைவு. தொற்று முக்கியமாக மூச்சுக்காற்றால்தான் பரவும். கால் கழுவியதும் கையைச் சவர்க்காரம் போட்டு 20 செக்கன் தேயுங்கோ. வாளி, கோப்பை, கதவுப்பிடி எல்லாம் நாளுக்கு ஒருக்கால் துடையுங்கோ. 5 வீத பிளீச் ஒரு பங்கு, தண்ணீர் 49 பங்கு. டெற்றோல், அசிட் எதையும் அதோடு கலக்காதேயுங்கோ, நச்சு வாயு வரும்.

நெடுங்கேணி: கொரோனா மாறி ரெண்டு மாசம். இன்னும் வயிறு ஊதுது, சாப்பிட்டவுடனை போகவேணும்.

தொற்றுக்குப் பிறகு குடல் இப்படிக் கூச்சப்பட்டு நிற்பது உண்டு அக்கா. மாதக்கணக்கில் இழுத்துப் பிறகு தணியும். கொஞ்சம் கொஞ்சமாகப் பல தரம் சாப்பிடுங்கோ, எண்ணெயில் பொரித்ததையும் கடுந்தேத்தண்ணியையும் குறையுங்கோ, எதைச் சாப்பிட்ட நாளில் கூடுகிறது என்று எழுதி வையுங்கோ. நிறை குறைந்தால், நித்திரையைக் குழப்பி இரவில் போனால், இரத்தம் கண்டால், அல்லது ஐம்பது வயது தாண்டியபின் மலப்போக்கு புதிதாக மாறியிருந்தால் கொரோனாவின் மேல் பழியைப் போடாமல் வைத்தியசாலையில் காட்டி, தேவையானால் குடலுக்குள் கமரா விட்டுப் பார்க்கிற பரிசோதனை செய்யக் கேளுங்கோ.