வரலாற்றுச் சின்னங்களில் பள்ளி மாணவர்களுக்கு உதவும் தன்னார்வலர்களுக்கு உண்மையில் என்ன வேலை?

வரலாற்றைப் பாடமாகப் படிக்காத ஒருவர், தம் ஊருக்கு அருகிலுள்ள தொல்லியல் சின்னத்தில் மாணவர்களுக்காக நடக்கும் நிகழ்ச்சிகளில் உதவ முடியுமா, முடியுமென்றால் அங்கே என்ன செய்ய வேண்டியிருக்கும் என்பது கேள்வி. நான் மார்த்தாண்டத்தில் ஒரு கடையில் கணக்கு எழுதுபவன். வரலாற்றுப் பட்டம் எனக்கும் இல்லை. சிதறால் மலைக்குப் பிள்ளைகளை அழைத்து வரும் ஆசிரியர்களுக்குத் துணையாகச் சில ஆண்டுகளாகப் போய் வருகிறேன். தாராளமாக உதவ முடியும் என்பதே என் பதில். ஆனால் நன்றாகப் பேசத் தெரிந்தவரைவிட, பேசாமல் காத்திருக்கத் தெரிந்தவரே இந்த வேலைக்குக் கூடுதலாகப் பயன்படுவார்.

சிதறால், குமரி மாவட்டத்தின் விளவங்கோடு வட்டத்தில், மார்த்தாண்டத்திலிருந்து சுமார் 7 கிலோமீட்டரில் உள்ளது. கேரள எல்லை அருகில்தான். திருச்சாரணத்துமலை என்பது பழைய பெயர். மேலே, கவிந்து நிற்கும் பெரும்பாறையின் அடியில் இயற்கையாக அமைந்த குகையே கோயிலாகியிருக்கிறது. அதன் வெளிப்பாறையில் சமணத்தின் பெருங்குருமார்களான தீர்த்தங்கரர்களின் உருவங்கள் வரிசையாகச் செதுக்கப்பட்டுள்ளன. சில உருவங்களின் கீழே, அவற்றைச் செய்வித்தவர்களின் பெயர்கள் வட்டெழுத்து என்ற பழைய எழுத்து வடிவில் உள்ளன. இங்கே காணப்படும் அச்சணந்தி என்ற சமணத் துறவியின் பெயர், மதுரையைச் சுற்றியுள்ள சமண மலைகள் சிலவற்றிலும் காணப்படுவது.

இவ்வளவையும் அடிவாரத்திலேயே ஒப்பித்துவிட்டால் மேலே பார்ப்பதற்குப் பிள்ளைகளிடம் ஆர்வம் மிஞ்சாது. ஆகவே ஒவ்வொரு குழுவையும் ஓர் உருவத்தின் முன் நிறுத்தி, என்ன தெரிகிறது என்று மட்டும் கேட்கிறோம். அம்பிகையின் உருவத்தின் முன் பெரும்பாலும் ஒரே உரையாடல்தான் நடக்கும். "சார், இது பகவதிதானே? சிங்கம் நிக்குது பாருங்க" என்று ஒரு பெண் தொடங்குவாள். "சரி, பக்கத்துல இருக்கிற ரெண்டு சின்னப் பிள்ளைங்க யாரு?" என்று கேட்டுவிட்டு நான் நிறுத்திக்கொள்வேன். பிறகு அவர்களே அருகில் போய், எட்டிப் பார்த்து, ஒருவரோடொருவர் வாதாடத் தொடங்குவார்கள். சிங்கமும் இரண்டு பிள்ளைகளும் சமண மரபில் நேமிநாதர் என்ற தீர்த்தங்கரரின் இயக்கியான (காவல் பெண் தெய்வமான) அம்பிகைக்கு உரிய அடையாளங்கள் என்பதை அந்த வாதம் நன்றாகச் சூடான பிறகே சொல்வேன். முதலில் சொல்லியிருந்தால் அது அவர்களுக்கு இன்னொரு குறிப்பாக மட்டும் போயிருக்கும்.

கல்வெட்டுப் பகுதிதான் எனக்கு மிகவும் பிடித்தது. உச்சி வெயிலில் எழுத்துகள் கண்ணுக்கே புலப்படாது. நிழல் இருக்கும்போது கைபேசியின் டார்ச் ஒளியை நேராக அடிக்காமல், பாறையோடு ஒட்டினாற்போல் பக்கவாட்டில் சாய்த்துப் பிடித்தால், வெட்டப்பட்ட பள்ளங்களில் நிழல் விழுந்து வளைவுகள் ஒவ்வொன்றாக எழுந்து வரும். சாக்பீஸ் தேய்ப்பதோ, எண்ணெய் தடவுவதோ, விரலால் தடவிப் படிப்பதோ கூடாது. இதைக் கண்டிப்பாகப் பார்த்துக்கொள்வதும் தன்னார்வலரின் பொறுப்புதான். நெய்யாற்றின்கரைப் பக்கத்திலிருந்து வரும் மலையாளப் பிள்ளைகளுக்கும் நம் தமிழ்ப் பிள்ளைகளுக்கும், இருவருக்குமே வட்டெழுத்து தெரியாது என்பதால், இங்கே யாரும் யாருக்கும் முந்தியவரில்லை. எழுத்துப் பட்டியலின் நகலைக் கொடுத்துத் தத்தம் பெயரை எழுதச் சொல்வோம். கல்வெட்டுகளில் மெய்யெழுத்துக்குப் பெரும்பாலும் புள்ளி இடுவதில்லை என்று அறிந்ததும், அடுத்தவர் எழுதிய பெயரை எத்தனை விதமாக வாசிக்கலாம் என்று ஒரே கலகலப்பாகிவிடும்.

ஆய் என்ற அரச மரபைச் சேர்ந்த விக்கிரமாதித்திய வரகுணன் என்ற மன்னனின் 28ஆம் ஆட்சியாண்டுக் கல்வெட்டு ஒன்றும் இங்கே உள்ளது. சுமார் 9–10ஆம் நூற்றாண்டைச் சேர்ந்தது. அரிட்டநேமி படாரர் என்ற சமண ஆசிரியரின் மாணாக்கியான குணந்தாங்கிக் குறத்திகள் என்ற பெண் துறவி, இம்மலையின் படாரியார் என்ற பெண் தெய்வத்துக்குப் பொன் அணி கொடுத்த செய்தி அதில் வருகிறது. மன்னர் பெயரைப் பிள்ளைகள் மறந்துவிடுகிறார்கள். ஆசிரியரும் மாணாக்கியும் ஒரு கல்லில் சேர்ந்து நிற்பதை மறப்பதில்லை. எட்டாம் வகுப்புப் பெண்கள் இதைக் கேட்கும்போது ஆசிரியையின் முகத்தை ஒருமுறை திரும்பிப் பார்ப்பதை நான் கவனித்திருக்கிறேன்.

சங்கடமான இடமும் ஒன்று உண்டு. சமணத் தலமாக இருந்த இது, 13ஆம் நூற்றாண்டளவில் பகவதி கோயிலானது. "அப்போ யாரு கோயில் சார்?" என்று யாராவது கேட்காமல் இருக்க மாட்டார்கள். இருந்ததையும் மாறியதையும் கால வரிசையில் சொல்லிவிட்டு, எந்தப் பக்கத்துக்கும் வெற்றி தோல்வி கற்பிக்காமல் விடுவதே முறை. கேட்பவர்களைக் கவர்வதற்காக அரண்மனைச் சுரங்கம், புதையல் என்று கதை சேர்க்கும் அன்பர்களும் வருவார்கள். அவர்களை வேறு பணிக்கு அனுப்பிவிடுவது நல்லது.

மற்றவை எல்லாம் சாதாரண வேலைகள்: ஒன்றியத் தொல்லியல் துறைக்கு முன்கூட்டியே கடிதம் எழுதுவது, குடிநீர், முதலுதவிப் பெட்டி, தலை எண்ணுவது, வரிசையின் கடைசியில் நடப்பது. 15 பிள்ளைகளுக்கு ஒரு தன்னார்வலர் போதும். ஆனால் ஒவ்வொரு குழுவுடனும் பள்ளி ஆசிரியர் ஒருவர் கட்டாயம் இருக்க வேண்டும், தன்னார்வலர் எந்தப் பிள்ளையையும் தனியே அழைத்துச் செல்லக் கூடாது. இந்த விதிக்கு நாங்கள் யாருக்கும் விலக்குத் தருவதில்லை.

நீங்கள் தொடங்குவதாக இருந்தால், முதல் சில முறை வரிசையின் கடைசி ஆளாக நடந்து, பிள்ளைகள் எங்கே தாமாக நிற்கிறார்கள் என்பதைக் குறித்துக்கொள்ளுங்கள். குமரிக்கு இரண்டு பருவமழையும் உண்டு; மழை பெய்த பாறை வழுக்கும். ஆகவே ஜனவரி, பிப்ரவரி மாதங்களில் காலை 9 மணிக்கு மலைமேல் இருக்கும்படி பள்ளியுடன் பேசி நாள் குறிப்பது வசதி.